மேசைமேல் ஒரு கடல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் பேசுவதே மரபு. அதற்கு உரிய புலமை பெற்றோர் எனக்குப் பின்னர்ப் பேச இருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் என்னைச் செயலாளர் அவர்கள் ஒரு கைத்தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்தார். பக்கத்துக் கூடத்தில் நம் பெண்மக்கள் அமைத்திருக்கும் கண்காட்சியைப் பார்த்துவிட்டே நீங்கள் இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அங்கே தேக்குப் பலகையின்மீது அலை புரள்கிறது, நுரை ஒதுங்குகிறது, தொட்டுப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கிறது. 'இஃது எங்ஙனம் செய்யப்பட்டது?' என்று கேளாதார் இல்லை. அதைச் சொல்வதும், அதனோடு சேர்த்துச் சொல்லியே ஆகவேண்டிய சில செய்திகளைச் சொல்வதும் என் நோக்கம்.

நாம் வாழும் நாகபுரி நாட்டின் நடுவில் உள்ள நகரம். கிழக்கே சென்றாலும் மேற்கே சென்றாலும் ஓரிரவு ரயிலில் அமர்ந்தால்தான் கடலைக் காணலாம். இங்குப் பிறந்த நம் குழந்தைகளுக்குக் கடல் என்பது கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது கிடைக்கும் ஒரு நாள் காட்சி. ஆயினும் அவர்கள் பேசும் மொழி கடலோடு பிறந்த மொழி. ஆழமுடைமையால் ஆழி என்றனர். பரந்து கிடப்பதால் பரவை என்றனர். ஓயாது ஒலிப்பதால் ஆர்கலி என்றனர். அலையோடு அலை புணர்வதால் புணரி என்றனர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலை ஐந்திணையுள் ஒன்றாக வைத்தனர். நெய்தல் நிலத்துச் சிறுமியர் கரையில் மணலால் சிற்றில் இழைத்து விளையாடினர் என்பதைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். அந்தச் சிற்றிலை அலை வந்து கொண்டுபோய்விடும். இன்று நம் பெண்கள் செய்யும் கடலை எந்த அலையும் கொண்டுபோகாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சில சொற்கள். பிசின் நமக்குப் புதியதன்று. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மரக்கலங்களின் இடுக்குகளை அடைத்தவர்கள் நம் முன்னோர். அரக்கை உருக்கி மரப்பொம்மைக்கு நிறமேற்றும் கலை இன்றும் உண்டு. இவை மரமும் பூச்சியும் தருபவை. நம் பெண்கள் கையாளும் எப்பாக்ஸி என்னும் பிசினோ மனிதன் செய்தது. 1930-களில் சுவிட்சர்லாந்து நாட்டின் பியேர் காஸ்தான் என்பார் செயற்கைப் பல்வரிசைக்கு ஏற்ற பொருளொன்றைத் தேடும்போது இதனைக் கண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பாரும் வேறு வழியாக இதனை அடைந்தார். 1946-இல் சீபா என்னும் சுவிஸ் நிறுவனம் இதனை அரால்டைட் என்ற பெயரால் ஒட்டும் பசையாக விற்கத் தொடங்கியது. இரண்டு குழாய்களிலிருந்தும் சிறிது சிறிது பிதுக்கிக் கலந்து உடைந்த பீங்கானை ஒட்டாத இல்லம் நம்மிடையே இராது. அந்தப் பசையின் தெளிந்த, நீர்த்த உடன்பிறப்பே மேசைமேல் கடலாகும் பிசின்.

இரண்டு குழாய் ஏன்? ஒன்றில் பிசின், மற்றொன்றில் கடினமாக்கி. இவற்றைத் தனித்தனியே வைத்தால் நெடுநாள் நீர்மமாகவே இருக்கும். கலந்தவுடன் ஒன்றன் மூலக்கூறு மற்றொன்றன் மூலக்கூறோடு கைகோத்துக்கொள்கிறது. மீன்வலைபோல் எல்லாப் பக்கமும் முடிச்சு விழுகிறது. முடிச்சு விழும்போது வெப்பம் பிறக்கிறது. முழுதும் இறுகிய பின்னர் அதனை மீண்டும் உருக்க முடியாது. மெழுகு உறைவதும் இது இறுகுவதும் ஒன்றல்ல.

இனிச் செய்முறை. 90 செண்டிமீட்டர் நீளமும் 60 செண்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு மேசையை எடுத்துக்கொள்வோம். மரத்துக்கு நமக்குக் குறைவில்லை. பல்லார்ஷா, சந்திரப்பூர்ப் பக்கத்துத் தேக்கு நாடறிந்தது. மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆதலின் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, ஆறவிட்ட பின்னரே பிசின் பிடிக்கும். அடுத்து, மெல்லியதாக ஒரு பூச்சுப் பிசினைப் பூசி மரத்தின் நுண்துளைகளை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மரத்துக்குள் இருக்கும் காற்று குமிழி குமிழியாக மேலே வந்து, கடலைப் பொரித்த அப்பளமாக்கிவிடும். பிறகு விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, ரசமட்டம் வைத்து மேசை சரிமட்டமாக நிற்கிறதா என்று நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். கடல் எப்போதும் தன் மட்டத்தைத் தானே தேடும், பிசினும் அப்படியே. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் விடிவதற்குள் கடல் முழுவதும் தரையில் இறங்கியிருக்கும்.

எவ்வளவு பிசின் வேண்டும்? கணக்கு எளிது. 90-ஐ 60-ஆல் பெருக்கினால் 5,400 சதுர செண்டிமீட்டர். ஊற்றும் கனம் 3 மில்லிமீட்டர். ஆக 1,620 கன செண்டிமீட்டர். அதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கும் வகையாயின் 1,080 மில்லிலிட்டர் பிசினும் 540 மில்லிலிட்டர் கடினமாக்கியும் தேவை. இந்த விகிதம் கொள்ளளவால் சொல்லப்பட்டதா, எடையால் சொல்லப்பட்டதா என்பதைப் புட்டியின் மேல் படித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கடினமாக்கி பிசினைவிட எடை குறைந்தது; ஆதலால் ஒன்றன் கணக்கை மற்றொன்றுக்குப் போட்டால் கலவை தவறும். 'கடினமாக்கியைச் சற்று மிகுதியாக விட்டால் விரைவில் இறுகும்' என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. கைகோக்கத் துணையில்லாமல் எஞ்சிய கடினமாக்கி உள்ளேயே தங்கி, மேசையை என்றென்றும் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். அளந்து கலந்ததை மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை, பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துவிட்டு, நிதானமாகக் கிளற வேண்டும். தயிர் கடைவதுபோல் கடைந்தால் காற்றுப் புகும்.

கலந்த பிசினைப் பல கிண்ணங்களாகப் பிரித்து நிறமேற்ற வேண்டும். இங்கேதான் கடலின் நிறம் எது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை தேடிய தமிழர் ஒருவர் நம் ஊரில் வாழ்ந்திருக்கிறார் என்பதைச் சொல்வதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1907-இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் சேர்ந்தார். 1910-இல் மாற்றலாகி இதே நாகபுரிக்கு வந்து, அடுத்த ஆண்டில் மீண்டும் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கு அலுவல். எஞ்சிய நேரமெல்லாம் ஆராய்ச்சி. பின்னர்ப் பேராசிரியரான அவர் 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்பது ராலே பிரபு போன்ற பேரறிஞரின் கருத்தாக அதுவரை இருந்தது. ராமன் ஒரு பட்டகத்தின் வழியே நோக்கி, நீர்மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியை விலக்கினார். நீலம் மறையவில்லை; மேலும் தெளிவாயிற்று. நீரே ஒளியைச் சிதறவைக்கிறது என்றார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகவே 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு வந்தது.

நீர் தன்னுள் புகும் ஒளியில் செந்நிறப் பகுதியை விழுங்குகிறது. எஞ்சிய நீலம் சிதறி நம் கண்ணுக்கு வருகிறது என்பதை இன்று அறிவோம். ஆகவே ஆழம் மிகுந்தால் நீலம் மிகும். வெண்மணலுக்கு மேல் ஆழம் குறைந்த இடத்தில் மயிற்கழுத்து நிறம் தோன்றும். கரையோரத்தில் நீருக்கு நிறமே இராது. மேசைமேல் நமக்குக் கிடைப்பது மூன்று மில்லிமீட்டர் ஆழமே. அதனால் கடல் ஆழத்தால் செய்வதை நாம் நிறமியால் செய்கிறோம். மேசையின் ஒரு கோடியில் கருநீலம், அடுத்து நீலம், அதற்கடுத்துப் பச்சை கலந்த இளநீலம், கரையோரத்தில் நிறமே சேராத தெளிந்த பிசின் என்று வரிசையாக ஊற்ற வேண்டும். ஒரு நிறம் முடிவதும் மற்றொன்று தொடங்குவதும் தெரியாதபடி எல்லைகளைக் கையுறையணிந்த விரலால் கலைத்துவிட வேண்டும்.

அடுத்தது அலை. கரையோரத் தெளிந்த பிசினின்மேல் வெள்ளைப் பிசினை ஒரு கயிறுபோல் மெல்லிய கோடாக ஊற்றுகிறோம். சிறிது நேரம் பொறுத்து, பிசின் தேன் பதத்துக்கு வந்ததும், ஹீட் கன் என்னும் வெப்பக்காற்றுக் கருவியை அதன்மேல் தாழ்வாகப் பிடித்தால், வெள்ளை மெல்லிய ஏடாக விரிகிறது. விரிந்த ஏடு ஆங்காங்கே கிழிந்து, கண்ணறைகள் திறந்து, உண்மையான நுரையின் வலைப்பின்னலைப் பெறுகிறது. பொறுமையின்றி முன்னதாகவே ஊதினால் வெள்ளை கரைந்து மோராகிவிடும். நேரம் தவறி ஊதினால் பிசின் அசையாது. அந்த இடைப்பட்ட சில நிமிடங்களை அறிவதே இக்கலையின் உயிர். மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே நாளில் முடிக்காமல், இறுகிய முதல் அடுக்கின்மேல் மறுநாள் தெளிந்த பிசின் ஊற்றி இன்னோர் அலை எழுப்பினால், மேலலையின் நிழல் கீழுள்ள மணலில் விழுகிறது. கண்ணுக்கு ஆழம் தெரிவது அந்த நிழலாலேதான்.

அந்த வெள்ளை நிறமி டைட்டானியம் டையாக்சைடு என்பது. அதற்கு மூலமான இல்மனைட் என்னும் கனிமம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கிறது. நம் தென்கடற்கரையின் கருமணலைப் போன்ற மணலே வெண்ணுரையாக மாறி, மேசைமேல் மீண்டும் கரையொதுங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறதன்றோ!

இனிப் பருவம். இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு டிகிரி வரையிலான வெப்பமே இவ்வேலைக்கு ஏற்றது. நம் ஊர் மே மாத வெயிலில், அரைமணி நேரம் தாங்க வேண்டிய பிசின் சில நிமிடங்களிலேயே கிண்ணத்தில் கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். ஒரே பாத்திரத்தில் குவிந்து கிடந்தால் வெப்பம் வெளியேற வழியின்றி மேலும் மேலும் ஏறும். ஆகவே கலந்தவுடன் பரப்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் படிந்து மேற்பரப்பு எண்ணெய் பூசினாற்போல் மங்கும். மார்கழிக் குளிரில் இறுகுவதற்கு நாள் பிடிக்கும். ஊற்றிய பின் ஒரு நாள் முழுவதும் தூசியும் கொசுவும் விழாமல் மூடிவைக்க வேண்டும். முழு வலிமை பெற ஒரு வாரமாகும். அதன் பின்னரும் கடும் வெயில் படும் சன்னலோரம் வைத்தால் நாளடைவில் மஞ்சளிக்கும். நம்மவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று: அடுப்பிலிருந்து இறக்கிய காப்பி டபராவை நேரே அதன்மேல் வைக்காதீர்கள். பிசின் சூட்டில் இளகும். கடலின் நடுவே வட்டமாக ஒரு தீவு தோன்றிவிடும்.

பெரியோர்களே, இதுவரை சொன்னது கலையின் அழகு. இனிச் சொல்லப்போவது அதன் விலை.

நம் ரயில்வே குடியிருப்பில் ஒரு சகோதரி. இத்தொழிலில் அவருக்கு நிகராக நுரை எழுப்பக்கூடியவர் இங்கு இல்லை. மழைக்காலத்தில், சமையலறையை ஒட்டிய சிறு அறையில், சன்னலைச் சாத்திக்கொண்டு, கையுறை வழுக்குகிறதென்று வெறுங்கையாலேயே வேலை செய்து வந்தார். விரலில் ஒட்டியதைத் தின்னரால் துடைப்பார். ஓராண்டு ஒன்றும் நேரவில்லை. ஒருநாள் விரலிடுக்கில் அரிப்புத் தோன்றியது, பின்னர்க் கொப்புளம், பின்னர்க் கண்ணிமை வீக்கம். இறுகாத பிசினும் கடினமாக்கியும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்றும், ஒருமுறை உடல் அதனைப் பகையென்று அறிந்துகொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மறவாது என்றும் மருத்துவர் சொன்னார். இன்று அந்தச் சகோதரி பிசின் புட்டி திறந்திருக்கும் அறைக்குள் கால் வைத்தாலே கை தடிக்கிறது. இன்றைய கண்காட்சியில் அவருடைய மேசை இல்லை. அந்தக் கைகள் தொழிலை இழந்தன. தொழிலும் அந்தக் கைகளை இழந்தது.

'நச்சற்றது, இயற்கையானது' என்று விளம்பரங்களில் அச்சிட்டிருக்கும். முழுதும் இறுகிய பின் பிசின் பெரும்பாலும் தீங்கற்றது என்பது மெய். நீர்மமாக இருக்கும்போது அவ்வாறன்று. ஆதலின் நைட்ரைல் கையுறை அணியாமல் ஒருவரும் இதனைத் தொடலாகாது. தோலில் பட்டால் சோப்பும் தண்ணீருமே கொண்டு கழுவ வேண்டும். தின்னர் அதனைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுசெல்லும். காற்றோட்டம் வேண்டும். ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். துணி முகமூடி இதற்கு உதவாது. உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூளை மூச்சில் ஏற்றலாகாது. குழந்தைகள் உறங்கும் அறையில் இவ்வேலை கூடவே கூடாது. எஞ்சிய பிசினைச் சாக்கடையில் ஊற்றலாகாது. இறுகவிட்ட பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

மற்றொன்று. அழகுக்காகப் பவளத்தையும் கடற்குதிரையையும் பிசினுக்குள் பதிக்கும் வழக்கம் பரவி வருகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் அவை இருக்கின்றன. சிலவகைச் சங்குகளும் அவ்வாறே. கடலைப் போற்றச் செய்யும் பொருளில் கடலைக் கொள்ளையிட்ட பொருள் இருத்தல் தகுமா?

முன்னர்ச் சிற்றிலைப் பற்றிச் சொன்னேன். மணல் வீடு அலையோடு போகும். மறுநாள் மணல் மணலாகவே இருக்கும். நம் பிசின் அழியாது. உருக்கி வேறொன்று செய்யவும் இயலாது. கோணிப்போன மேசையும், விற்காமல் எறிந்த சாவிக்கொத்தும் என்றேனும் ஓர் ஆற்றை அடைந்து, அவ்வாற்றின் வழியே உண்மையான கடலையே சென்று சேரக்கூடும். அழியாத பொருளைக் கையில் எடுப்பவர், எறிய மனம் வராத பொருளையே செய்தல் வேண்டும். நூறு சிறு பொருள்களைப் பொழுதுபோக்காக வார்த்து எறிவதைக் காட்டிலும், மூன்று தலைமுறைக்கு இருக்கும் ஒரு மேசையைச் செய்வது மேல்.

எறிய மனம் வராத பொருள் எது? நம்முடையது என்று சொல்லத்தக்கது. இன்று கண்காட்சியிலுள்ள கடல்களுள் பல, கைப்பேசியில் கண்ட அயல்நாட்டுத் தீவுகளின் கடல்கள். அவை அழகியவையே. ஆனால் தனுஷ்கோடி முனையில் ஒருபுறம் அமைதியான நீரும் மறுபுறம் அலைக்கும் நீருமாக இரு கடல்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றனவே, அதனை ஏன் ஒருவரும் வார்க்கவில்லை? 1964 டிசம்பர்ப் புயலில் ஊரையும் ரயிலையும் விழுங்கிய கடல் அது. ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள் அதனை அறிய வேண்டாமா? 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தையும், அதன் பக்கத்தில் 2025-இல் திறந்த புதிய பாலத்தையும் மேசைமேல் வைக்கலாமே! ஐப்பசி மழைக்குப் பின் செம்மண் கலங்கிவரும் சோழமண்டலக் கரை நீலமாக இராது. ஆயினும் அதுவே நம் பாட்டன்மார் கண்ட கடல்.

இறுதியாகச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, இக்கட்டிடத்தின் பின்புறம் இருபக்கமும் சன்னலுள்ள அறை ஒன்று பழைய நாற்காலிகளால் நிறைந்து கிடக்கிறது. அதனை ஒழித்து, காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று பொருத்தி, இப்பெண்களுக்குப் பொதுத் தொழிற்கூடமாகத் தர வேண்டும். இரண்டாவது, கையுறைக்கும் முகமூடிக்கும் ஆகும் செலவைச் சங்கத்தின் பொதுநிதியிலிருந்து ஏற்க வேண்டும். மூன்றாவது, விலை கூறும்போது தம் உழைப்புக்கும் கூலி சேர்த்துக் கணக்கிட இவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். பிசினின் விலையையும் மரத்தின் விலையையும் மட்டும் கூட்டி, இரண்டு நாள் குனிந்து நின்ற முதுகை இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். அந்தக் கணக்கைச் சொல்லித் தரும் பொறுப்பை, கணக்கெழுதியே தலை நரைத்து வரும் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

கடலை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள் நாம். நம் மக்கள் தம் கையால் அதனை இங்கே வரவழைத்திருக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு ஊறு நேராமல் காப்பது நம் கடமை. அடுத்த ஆண்டுக் கண்காட்சி அந்தத் தொழிற்கூடத்தில் செய்த மேசைகளால் நிறையட்டும். பிசினைத் தொட இயலாத அந்தச் சகோதரி, தொலைவில் நாற்காலியிட்டு அமர்ந்து, பிறருக்கு நுரையின் பதம் சொல்லித்தர இசைந்திருக்கிறார் என்பதையும் மகிழ்வுடன் தெரிவித்து அமர்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!